கனமான மடிக்கணினி ஏன் வேகமாக ஓடுகிறது?

பழவேற்காடு ஏரி எவ்வளவு ஆழம் இருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம். பரப்பளவில் அது பெரிய ஏரி. நீர் நிறைந்திருக்கும் காலத்தில் சுமார் 450 சதுர கிலோமீட்டர் வரை விரிந்து கிடக்கும். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஆனால் ஆழம்? பெரும்பாலான இடங்களில் ஒரு மீட்டர்தான்! உங்கள் இடுப்புக்கு மேலே, மார்புக்குக் கீழே.

அதனால்தான் ஏரிக்குள் இறாலுக்கும் மடவைக்கும் போகிறவர்கள் சின்னப் படகில் கோல் ஊன்றிப் போவதுண்டு. முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகிறவர்களுக்கு அது போதாது. ஃபைபர் படகு வேண்டும், எஞ்சின் வேண்டும். எஞ்சின் வந்தால் டீசல் கேன் வரும். இரண்டும் ஏறினால் எடை கூடும். எடை கூடினால் படகு இன்னும் கொஞ்சம் அமிழும். ஆழமில்லாத இடத்தில் தரை தட்டும். அப்படியானால் இரண்டில் எது நல்ல படகு? எங்கே போகப் போகிறோம் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

மடிக்கணினிக்கும் இதே கணக்குதான். கையில் எடுத்தால் எடையே தெரியாத மெல்லிய மடிக்கணினியும் இருக்கிறது. தூக்கினால் தோள் வலிக்கும் கனத்த மடிக்கணினியும் இருக்கிறது. கனமானதுதான் பெரும்பாலும் அதிகத் திறனுடையது. ஏன் அப்படி? திறனுக்கும் எடைக்கும் என்ன உறவு? வாருங்கள், பிரித்துப் பார்ப்போம்.

அக்காவின் கணினி ஏன் திணறியது?

பழவேற்காடு கோட்டைக்குப்பத்தில் ஓர் அக்கா இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொன்னேரியில் உள்ள மீன்வளக் கல்லூரிக்குத் தினமும் பேருந்தில் போய் வருகிறார். அவரிடம் 4 ஜி.பி. ரேம் கொண்ட மெல்லிய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. கட்டுரை தட்டச்சு செய்ய, பாடக் காணொளி பார்க்க, மின்னஞ்சல் அனுப்ப அது நன்றாகவே உதவியது.

இறுதியாண்டில் அக்கா ஓர் ஆய்வைக் கையில் எடுக்கிறார். பழவேற்காடு முகத்துவாரம் எப்போது திறக்கிறது, எப்போது அடைகிறது என்பதுதான் ஆய்வு. முகத்துவாரம் என்பது ஏரியும் கடலும் சந்திக்கும் வாசல். கடல் அலை மணலைக் கொண்டுவந்து அங்கே குவிக்கும். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் வெள்ளம் அந்த மணலைத் தள்ளிவிடும். கோடையில் தள்ள ஆளில்லை. மணல் திட்டு வளர்ந்து வாசலை அடைத்துவிடும். அப்போது படகுகள் கடலுக்குப் போக முடியாது. கடலிலிருந்து இறால் குஞ்சுகளும் ஏரிக்குள் வர முடியாது. ஊரே முகத்துவாரத்தைப் பற்றித்தான் பேசும்.

இதை விண்ணிலிருந்து பார்க்கலாம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் பூமியைப் படம் எடுத்து வருகின்றன. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஒரே இடத்தை 5 நாளுக்கு ஒருமுறை பார்க்கின்றன. படங்களை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம்.

அக்கா ஒரு படத்தை இறக்கித் திறக்கிறார். கணினி உறைந்துவிட்டது. சுட்டிக்குறி நகரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி எட்டிப் பார்த்தான்.

"இன்னாக்கா, ஒரு போட்டோவுக்கே இப்படி நின்னுடுச்சு?"

"இது சும்மா போட்டோ இல்லடா. எவ்ளோ பெருசுன்னு கணக்கு போட்டுப் பார்ப்போமா?"

நாமும் போட்டுப் பார்ப்போம். சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உள்ள சதுரம். ஒரு படத்தில் குறுக்கே 10,980 புள்ளிகள், நெடுக்கே 10,980 புள்ளிகள். பெருக்கினால் சுமார் 12 கோடி புள்ளிகள்! ஒவ்வொரு புள்ளிக்கும் 2 பைட் இடம் வேண்டும். ஆக 24 கோடி பைட். இது ஒரு நிறத்துக்கு மட்டும். நீலம், பச்சை, சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு என நான்கு வேண்டும். நான்கால் பெருக்குங்கள். 96 கோடி பைட், அதாவது ஏறக்குறைய 1 ஜி.பி.

முகத்துவாரம் மாறியதா என்று பார்க்க ஒரு படம் போதாது. மே மாதப் படம் ஒன்று, டிசம்பர் மாதப் படம் ஒன்று என இரண்டு வேண்டும். ஆக 2 ஜி.பி. அக்காவின் கணினியில் இருப்பதோ 4 ஜி.பி. ரேம். அதில் பெரும் பங்கை விண்டோஸும் திறந்திருக்கும் உலாவியும் முன்பே பிடித்துக்கொண்டன. மிச்ச இடம் போதவில்லை.

இடம் போதாவிட்டால் என்ன நடக்கும்?

ரேம் என்பது கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போது தகவல்களை வைத்துக்கொள்ளும் இடம். அது நிரம்பிவிட்டால் கணினி ஒரு தந்திரம் செய்யும். உடனே தேவைப்படாத தகவல்களை எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைக்கும். மறுபடி தேவைப்பட்டால் அங்கிருந்து படித்து எடுத்துவரும். எழுதுவதும் படிப்பதும் மாறி மாறி நடக்கும். ரேமில் நொடிக்கு 2,000 கோடி பைட் அளவில் தகவலை நகர்த்த முடியும். சுழலும் தட்டு கொண்ட ஹார்ட் டிஸ்க்கில் நொடிக்கு சுமார் 10 கோடி பைட்தான். 200 மடங்கு வித்தியாசம்! அக்காவின் கணினி திணறியது இங்கேதான்.

வேடிக்கை என்ன தெரியுமா? அந்தக் கணினியில் கணக்குப் போடும் பிராசசர் சோர்ந்துபோகவே இல்லை. அதற்கு வந்த வேலை எளியது. தண்ணீர் அண்மை அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடும். மணல் அதைத் திருப்பி அனுப்பும். ஆகவே ஒரு புள்ளியின் பச்சை ஒளி அளவையும் அகச்சிவப்பு ஒளி அளவையும் ஒருமுறை கூட்டி, ஒருமுறை கழித்து, கழித்த விடையைக் கூட்டிய விடையால் வகுத்தால், அந்தப் புள்ளி தண்ணீரா மணலா என்று தெரிந்துவிடும். புள்ளிக்கு மூன்று கணக்கு. 12 கோடி புள்ளிக்கு 36 கோடி கணக்கு. மெல்லிய மடிக்கணினியின் பிராசசர்கூட நொடிக்கு 200 கோடி, 300 கோடி முறை துடிக்கும். இந்தக் கணக்கு அதற்குச் சில நொடி வேலை. ஆனால் கணக்குப் போட வேண்டிய எண்கள் வந்து சேரவில்லை. பாவம், அது காத்துக்கொண்டு இருந்தது!

ஆகவே கணினி மெதுவாக இருக்கிறது என்றால் உடனே பிராசசர் மேல் பழி போடக் கூடாது. எது நிரம்பிவிட்டது, எது காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

320 பெரியதா, 256 பெரியதா?

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. உங்கள் வீட்டு அண்ணனோ சித்தப்பாவோ ஒன்று வாங்கியிருக்கலாம். தொடக்கத்தில் வந்தவற்றில் 2 ஜி.பி. ரேமும் 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் 8 ஜி.பி. ரேமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் இருக்கின்றன.

ரேம் 2-லிருந்து 8 ஆனது, சரி. ஆனால் சேமிக்கும் இடம் 320-லிருந்து 256 ஆகக் குறைந்திருக்கிறதே! ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். ஓர் ஊசிமுனை அதன் மேல் அங்கும் இங்கும் நகர்ந்து தகவலைத் தேடும். முனை சரியான இடத்துக்குப் போய், தட்டும் சரியாகச் சுழன்று வரும் வரை ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழல எதுவும் இல்லை, நகரவும் எதுவும் இல்லை. எல்லாம் சில்லுகள். எந்த மூலையில் இருக்கும் தகவலையும் மின்சாரம் நேராகத் தொடும். சாதாரண எஸ்.எஸ்.டி. நொடிக்கு சுமார் 50 கோடி பைட் தரும். புதிய வகைகள் 200 கோடிக்கு மேலும் தருகின்றன. ஹார்ட் டிஸ்க்கில் 10 நொடி எடுத்த அக்காவின் படம் இதில் ஓரிரு நொடியில் வந்துவிடும்.

பெட்டியின் மேல் அச்சிட்ட பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது எதை அளக்கும் எண் என்று கேளுங்கள்.

இப்போது எடைக்கு வருவோம்

ரேமும் எஸ்.எஸ்.டி.யும் சில கிராம்தான் இருக்கும். அவற்றால் கணினி கனக்காது. கனம் வருவது வெப்பத்தால்!

அக்கா ஆய்வை இன்னும் பெரிதாக்குகிறார். இரண்டு படம் போதாது. 5 நாளுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 73 படம். எட்டு ஆண்டுக்குச் சுமார் 580 படம். மேகம் மறைத்தவற்றைத் தள்ளினாலும் நூற்றுக்கணக்கில் மிஞ்சும். இத்தனையையும் வரிசையாகக் கணக்கிட்டால் மணிக்கணக்கில் ஓடும். இப்போதுதான் பிராசசருக்கு உண்மையான வேலை.

பிராசசர் வாங்கும் மின்சாரம் எல்லாம் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறும். மெல்லிய மடிக்கணினியின் பிராசசர் தொடர்ந்து ஓடும்போது 15 வாட் அளவுக்கு எடுக்கும். திறன்மிக்க மடிக்கணினியில் 45 வாட் அல்லது அதற்கும் மேல். படங்களைக் கையாளும் தனிச் சில்லு ஒன்றும் இருந்தால் அதற்கு இன்னும் 60, 80 வாட். இந்தத் தனிச் சில்லில் ஆயிரக்கணக்கான சிறு கணக்கீட்டு அலகுகள் உண்டு. 12 கோடி புள்ளிகளுக்கும் ஒரே மாதிரிக் கணக்கு என்றால், அவை பங்குபோட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் செய்யும்.

வேகத்தைக் கூட்டினால் வெப்பம் அதைவிட வேகமாகக் கூடும் என்பது இன்னொரு சிக்கல். பிராசசரை வேகமாகத் துடிக்க வைக்க மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். மின்செலவு துடிப்பின் அளவோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடும். துடிப்பை 20 சதவீதமும் மின்னழுத்தத்தை 10 சதவீதமும் கூட்டுங்கள். 1.2 × 1.1 × 1.1 = 1.45. வேகம் 20 சதவீதம் கூட, வெப்பம் 45 சதவீதம் கூடிவிட்டது!

இந்த வெப்பத்தை வெளியே அனுப்பாவிட்டால் சில்லு கருகிவிடும். ஆகவே 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெல்லிய மடிக்கணினி முதல் ஒரு நிமிடம் விறுவிறுப்பாக ஓடிப் பிறகு தளர்வதற்குக் காரணம் இதுதான். அதனிடம் திறன் இல்லாமல் இல்லை. வெப்பத்தை விரட்ட வழி இல்லை.

கனமான கணினியில் அந்த வழி இருக்கிறது. மூடியைத் திறந்தால் தட்டையான செம்புக் குழாய்கள் தெரியும். அவற்றின் உள்ளே காற்றை அகற்றிவிட்டுச் சில துளி நீர் வைத்திருப்பார்கள். சில்லின் சூட்டில் நீர் ஆவியாகும். ஆவி குழாயின் மறுமுனைக்குப் போகும். அங்கே மின்விசிறி வீசும் காற்றில் குளிர்ந்து மறுபடி நீராகும். குழாயின் உள்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாகத் திரும்பிச் சில்லுக்கே வந்து சேரும். மோட்டார் இல்லை, பம்பு இல்லை. நீர் தானே சுற்றி வருகிறது! ஆனால் செம்பு கனமான உலோகம். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், செம்பு கிட்டத்தட்ட 9 கிராம். செம்புக் குழாய்கள், அடுக்குத் தகடுகள், இரண்டு மின்விசிறிகள், பெரிய பேட்டரி, பருத்த சார்ஜர். எல்லாம் சேர்ந்து 1.2 கிலோக் கணினியை இரண்டரை கிலோவாக்கிவிடும்.

1981-இல் விற்பனைக்கு வந்த ஆஸ்போர்ன் 1 என்ற கணினியைக் கையில் தூக்கிச் செல்லலாம் என்று பெருமையாக விளம்பரம் செய்தார்கள். அதன் எடை சுமார் 11 கிலோ! உள்ளே பேட்டரிகூட இல்லை. ரேம் 64 கே.பி. இன்றைய 8 ஜி.பி. அதைப்போல் 1,31,072 மடங்கு.

பேட்டரியும் உப்புக் காற்றும்

"அப்போ புதுசா பெரிய கணினியே வாங்கிடலாம்க்கா!" என்றான் தம்பி. அக்கா ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார்.

50 வாட்-மணி பேட்டரி என்றால், 10 வாட் எடுக்கும் கணினி 5 மணி நேரம் ஓடும். 50 வாட் எடுத்தால் ஒரே மணி நேரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் பல இடங்களில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் தாக்குப்பிடிப்பது மெல்லிய கணினிதான். பெரிய பேட்டரியாக வைக்கலாமே என்பீர்கள். அதற்கும் எல்லை உண்டு. 100 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியை விமானத்தில் கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும். அதனால் மடிக்கணினி நிறுவனங்கள் பொதுவாக அந்த எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன.

கடலோரத்துக்கென்றே இன்னொரு தொல்லை இருக்கிறது. பழவேற்காட்டுக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்கள் மிதக்கின்றன. மின்விசிறி காற்றை இழுக்கும்போது அவையும் உள்ளே போகும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து, மெல்லிய உப்புநீர்ப் படலமாகும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். பெரிய மின்விசிறி அதிகக் காற்றை இழுக்கும். அதிகக் காற்று என்றால் அதிக உப்பு. ஆகவே கடலோரத்தில் திறன்மிக்க கணினி வைத்திருப்பவர்கள் கடற்காற்று நேராக வீசும் சன்னல் ஓரத்தில் அதை வைக்கக் கூடாது. காற்று போகும் துளைகளை மெத்தையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது. வேலை முடிந்து நன்றாக ஆறிய பிறகு ஈரம் புகாத பையில் வைக்க வேண்டும்.

ராக்கெட்டில் எந்தப் பிராசசர்?

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் ஏரிக்கரையில் நின்றே பார்க்கலாம். அவ்வளவு பெரிய ராக்கெட்டை வழிநடத்தும் பிராசசர் உலகிலேயே வேகமானதாக இருக்க வேண்டும் அல்லவா?

இல்லவே இல்லை! இஸ்ரோவின் ராக்கெட்டுகள் 2009 முதல் விக்ரம் 1601 என்ற 16 பிட் பிராசசரில் ஓடின. 16 பிட்டில் ஒரே மூச்சில் கையாளக்கூடிய மிகப் பெரிய முழு எண் 65,535. உங்கள் வீட்டுக் கைபேசியின் பிராசசர் அதைவிடப் பல மடங்கு வேகமானது. ஆனால் விண்வெளிக் குளிரிலும் ஏவுதளச் சூட்டிலும் அதிர்விலும் தவறாமல் வேலை செய்வதுதான் அங்கே முக்கியம். கூடுதல் திறன் தேவைப்பட்டபோது இஸ்ரோவும் மாறியது. விக்ரம் 3201 என்ற 32 பிட் பிராசசரை உருவாக்கினார்கள். அதில் எண்ணின் எல்லை 429 கோடியைத் தொடும். 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி. சி-60 பயணத்தில் அதை விண்வெளியில் சோதித்துப் பார்த்தார்கள். என்ன வேலை, எவ்வளவு தேவை, அதற்குப் போதுமானது எது என்று பார்த்து எடுத்த முடிவு அது.

அக்கா என்ன முடிவெடுத்தார்? 16 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் நல்ல மின்விசிறியும் கொண்ட, இரண்டு கிலோவுக்கு உட்பட்ட நடுத்தரக் கணினி ஒன்றை வாங்கினார். விளையாட்டுகளுக்கென்றே வரும் பெரிய கணினி அவருக்குத் தேவைப்படவில்லை. பழைய மெல்லிய கணினி தம்பிக்குப் போனது. பாடம் படிக்கவும் நிரல் எழுதிப் பழகவும் அவனுக்கு அது தாராளம்.

நீங்கள் செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ கணினி மெதுவாக ஓடும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சி.பி.யு. (பிராசசர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று மூன்று சதவீதங்கள் தெரியும்.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, சி.பி.யு. 20, 30-இல் நின்றால் ரேம் போதவில்லை என்று பொருள். தேவையில்லாத சன்னல்களை மூடுங்கள். கூடுதல் ரேம் பொருத்த முடியுமா என்று கேளுங்கள். சில மெல்லிய கணினிகளில் ரேமைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். அவற்றில் மாற்ற முடியாது.

டிஸ்க் எப்போதும் 100 சதவீதம் என்றால், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய கணினிக்கே புது உயிர் வரும்.

சி.பி.யு. நீண்ட நேரம் 100-இலேயே நின்று, கணினியும் சுட்டால் மட்டும்தான் அதிகத் திறனுள்ள கணினியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

விண்டோஸ் தாங்காத மிகப் பழைய கணினியாக இருந்தால் லினக்ஸ் போட்டுப் பாருங்கள். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அதுவும் முடியாமல் கணினி செத்தே போனால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். ஏரிக்கரையில் எறியவே எறியாதீர்கள். அதன் லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். உள்ளே இருக்கும் உலோகங்கள் மண்ணையும் நீரையும் கெடுக்கும். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

புதுக் கணினி கேட்டு அடம்பிடிப்பதற்கு முன்னால் அந்த மூன்று சதவீதங்களையும் ஒரு தாளில் குறித்து அப்பா, அம்மாவிடம் காட்டுங்கள். எது தேவை என்று அந்த எண்களே சொல்லிவிடும்.